போர்டில் எழுதிய மகள்

கொரட்டூர் ஸ்டேஷனில் இறங்கி மேற்கே நடந்தால் ஒரு டயர் கடை வரும். அதன் மாடியில் இருக்கிறது இம்பீரியல் டங் ஸ்போக்கன் இங்கிலீஷ் அகாடமி. வாசல் பலகையில் லண்டன் மணிக்கூண்டுப் படம் போட்டிருப்பதால், மாதத்துக்கு இரண்டு பேராவது கைக்கடிகாரத்துக்கு பாட்டரி மாற்ற மாடியேறி வந்துவிடுவார்கள். அவர்களையும் பேராசிரியர் சம்பந்தம் சும்மா அனுப்புவதில்லை. உட்காரவைத்து, ஒரு டெமோ கிளாஸ் எடுத்து, கையில் நோட்டீஸைத் திணித்த பிறகுதான், கடிகாரக் கடை எதிர்ச் சந்தில் இருக்கிறது என்று சொல்வார்.

பேராசிரியர் என்பது அவர் தனக்குத்தானே வழங்கிக்கொண்ட பட்டம். ஆவடியில் ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் பிரிவில், இருபத்தாறு வருஷம் கிளார்க்காக இருந்தவர் அவர். வரவேண்டிய நட்டும் போல்ட்டும் வந்து சேரவில்லை என்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுவது வேலை. அந்தக் கடிதங்களின் ஆங்கிலத்தை ஒரு மேலதிகாரி ஒரே ஒரு தடவை, டீ குடித்துக்கொண்டே, புகழ்ந்துவிட்டார். சிலருக்குப் பாராட்டு ஜீரணமாகிவிடும். சம்பந்தத்துக்கு ஆகவில்லை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, முதல் வேலையாக விசிட்டிங் கார்டு அடித்தார். அதற்குப் பிறகுதான் வகுப்பு நடத்த இடம் தேடினார்.

அகாடமியில் மொத்தம் ஒன்பது பேர். அவர்களில் அழகேசனுக்கு அடுத்த மாதம் ஆவடி தொழிற்சாலையில் ரிட்டையர்மென்ட். வழியனுப்பு விழாவில் இரண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் பேசி, தன்னை முப்பத்து நான்கு வருஷம் முட்டாள் என்று நினைத்தவர்களைத் திகைக்கவைத்துவிட வேண்டும் என்பது அவர் வைராக்கியம். கார்த்திகாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஐடி கம்பெனி. வெள்ளைக்காரன் போனில் வந்தால் "எஸ் எஸ்" என்பதற்கு மேல் வாய் வராது. அதற்காகச் சேர்ந்தவள், நாளடைவில் அகாடமியின் எழுதப்படாத காரியதரிசி ஆகிவிட்டாள்.

அவள் செய்யும் முக்கியமான காரியம் ஒன்று உண்டு. நோட்டுப் புத்தகம் என்பதே அங்கே வழக்கொழிந்துவிட்டது. யாரும் எதையும் எழுதிக்கொள்வதில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்க, கார்த்திகா நடுவில் நின்று வெள்ளைப் பலகையைப் போனில் படம் எடுத்து, அகாடமியின் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடுவாள். குரூப்பில் எண்பத்து மூன்று பேர். நோட்டீஸில் இருந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து எப்போதோ உள்ளே வந்து, வகுப்புக்கு ஒருநாளும் வராமல், வெளியேறவும் சோம்பல்பட்டுக் கிடப்பவர்கள் எழுபத்துச் சொச்சம். அவர்களையும் சேர்த்து, "எனக்கு எண்பத்து மூணு ஸ்டூடன்ட்ஸ்" என்று பேராசிரியர் சொல்லிக்கொள்வார்.

காலச் சொற்கள்தான் அவருடைய தனிப்பட்ட சாம்ராஜ்யம். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், எவர், நெவர், சின்ஸ், ஃபார். இந்த ஏழையும் பிரசென்ட் பெர்ஃபெக்டோடு சரியாகச் சேர்க்கத் தெரிந்தவன் எவனோ அவனே மனுஷன் என்பது அவர் கொள்கை. ஒரு விதியும் வைத்திருந்தார். ஒவ்வொருவரும் தினம் ஒரு உண்மையான வாக்கியம் சொல்ல வேண்டும்.

"கற்பனை பண்ணாதீங்க. புத்தகத்து ராமுவையும் சோமுவையும் இழுக்காதீங்க. சொந்த வாழ்க்கையில இருந்து எடுங்க. அப்பதான் டென்ஸ் ரத்தத்துல ஏறும்."

முன்மாதிரிக்குத் தன் வாக்கியத்தை அவரே முதலில் எழுதுவார். பலகையின் மேல் வரிசை அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 'மை டாட்டர் ஹேஸ் லிவ்டு இன் லண்டன் சின்ஸ் 2019.' என் மகள் 2019 முதல் லண்டனில் இருக்கிறாள். மறுநாள், 'மை டாட்டர் ஹேஸ் ஜஸ்ட் கால்டு மீ.' இப்போதுதான் போன் செய்தாள். அதற்கு மறுநாள், 'ஷீ ஹேஸ் ஆல்ரெடி சீன் ஸ்நோ.' பனி விழுவதை அவள் ஏற்கெனவே பார்த்துவிட்டாள். ஆறு வருஷமாக அந்த மகள் லண்டனில் கார் ஓட்டப் பழகினாள், வீடு மாறினாள், ஜலதோஷம் பிடித்துக் குணமானாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள்மேல் ஒரு பாசமே வந்துவிட்டிருந்தது.

"பொண்ணு எப்ப சார் லீவுக்கு வராங்க?" என்று அழகேசன் கேட்பார்.

"ஷீ ஹேஸ் நாட் டிசைடட் யெட்," என்று பேராசிரியர் அதையும் பாடமாக்கி, இன்னும் முடிவு செய்யவில்லை என்று தமிழிலும் சொல்வார்.

நிவேதிதா லண்டனில் இல்லை. பூந்தமல்லி சாலையில் காட்டுப்பாக்கத்தில் இருந்தாள். கொரட்டூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்.

2019 ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை அது. மனைவி கலைவாணி காலமாகி ஒரு வருஷம்கூட முடியவில்லை. வீட்டில் அப்பாவும் பெண்ணும் மட்டும். பாஸ்கரன் என்ற பையன் பெண் கேட்டு வந்தான், தனியாக, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு ஆப்பிள் பையுமாக. ஏசி மெக்கானிக். வீட்டுக்கு ஏசி சர்வீஸ் பண்ண வந்த இடத்தில் பழக்கம். அவன் வேலையோ, ஜாதியோ, காட்டுப்பாக்கம் பேச்சோ தனக்கு ஒரு பொருட்டில்லை என்று சம்பந்தம் காட்டிக்கொள்ள விரும்பினார். அதெல்லாம் அற்பர்கள் பார்ப்பது. அவர் பெரிய மனுஷர். ஆகவே பையனை ஆங்கிலத்தில் இன்டர்வியூ செய்தார்.

"டெல் மீ அபவுட் யூ அண்ட் மை டாட்டர்."

பாஸ்கரன் எழுந்து நின்றான். நெற்றியில் வேர்த்திருந்தது. அந்த வீட்டு ஏசியை அவன்தான் சர்வீஸ் செய்திருந்தான் என்றாலும் வேர்த்தது. "சார், ஐ ஆம் நோயிங் நிவேதிதா சின்ஸ் த்ரீ இயர்ஸ்," என்றான்.

சம்பந்தம் கண்ணை மூடிக்கொண்டார், பல்லில் கல் அகப்பட்டவர் போல. "ஐ ஹேவ் நோன் நிவேதிதா ஃபார் த்ரீ இயர்ஸ். எங்கே, சொல்லு."

பையன் சொன்னான்.

"இன்னொரு தடவை. ஃபார். சின்ஸ் இல்லை, ஃபார்."

பையன் இன்னொரு தடவை சொன்னான். மூன்றாவது தடவையும் சொல்லவைத்தார். அவன் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், கைகட்டி நின்று, உங்கள் பெண்ணை எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும் என்று மூன்று தடவை சொன்னான். ஒரு தடவைகூட அவர் காதில் அது விழவில்லை. ஃபார் மட்டும்தான் விழுந்தது.

நிவேதிதா சமையலறையிலிருந்து காபி தம்ளர்களோடு வந்தவள், அவற்றை டீப்பாயில் வைத்தாள். "போதும்ப்பா" என்றாள். உள்ளே போய் ஒரு பையோடு திரும்பி வந்தாள். "வா பாஸ்கர்" என்று அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். அன்று சம்பந்தத்துக்கு வந்த கோபம் நியாயமானது என்று அவருக்குத் தோன்றியது. தப்பாகச் சொன்னதைத் திருத்தியது ஒரு குற்றமா? அவளாகத்தானே போனாள், அவளாக வரட்டும். ரிஜிஸ்டர் கல்யாணத்துக்குத் தகவல் வந்தது, போகவில்லை. அவள் நம்பரைப் போனிலிருந்து அழித்தார். "பொண்ணு எங்க சார்?" என்று வகுப்பில் முதன்முதலில் யாரோ கேட்டபோது, வாசல் பலகை மணிக்கூண்டு கண்ணில் பட்டது. லண்டன் என்றார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வகுப்பு தொடங்கும் நேரத்தில், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். சுங்குடிச் சேலை, கையில் ஒரு கட்டைப்பை. வாட்ச் பாட்டரி என்று நினைத்துப் பேராசிரியர் கையை நீட்டினார்.

"வாச்சு இல்ல சார். இங்கிலீசு கத்துக்க வந்துகீறேன். பேரு வேம்புலியம்மா. இன்னிக்கி ஒருநாள் சும்மா பாக்கலாம்னு நோட்டீசுல போட்டுகீதே?"

"வெல்கம், வெல்கம். உட்காருங்கம்மா. எதுக்காக இங்கிலீஷ்?"

"ஊட்டுல எல்லாம் இங்கிலீசுலயே மனசு உட்டுப் போறாங்க சார். இன்னான்னுதான் பாப்பமேன்னு."

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டு, பலகையின் மேல் வரிசையில் அன்றைய முன்மாதிரியை எழுதினார். 'மை டாட்டர் ஹேஸ் ஜஸ்ட் பாட் எ நியூ ஹவுஸ் இன் லண்டன்.' மகள் இப்போதுதான் லண்டனில் புது வீடு வாங்கியிருக்கிறாள். அழகேசன் கை தட்டினார். வேம்புலியம்மாள் அந்த வரியைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இன்னா சார் எய்திகீது?"

சொன்னார்.

"புது ஊடா," என்றாள் வேம்புலியம்மாள். "நல்லா இருக்கட்டும்."

அழகேசன் தன் முப்பத்து நான்கு வருஷத்தை ஃபார் போட்டுச் சரியாகச் சொல்லி உட்கார்ந்தார். கார்த்திகா, தன் மேனேஜர் இன்னும் லீவு தரவில்லை என்பதை யெட் போட்டுச் சொன்னாள். அடுத்து வேம்புலியம்மாள்.

"எனக்கு ஏபிசிடியே தெர்யாது சார்."

"பரவாயில்லம்மா. நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் இங்கிலீஷ் ஆக்குறேன். ஆனா ஒண்ணு, உண்மையா இருக்கணும்."

"உண்மைதான் சார் சொல்லப்போறேன்." அவள் எழுந்து நின்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என் மருமவ, அவங்கப்பா போன் பண்ணுவாரு பண்ணுவாருன்னு ஆறு வருசமா காத்துகினு கீறா."

பேராசிரியரின் மார்க்கர் ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. ஆகா, என்றார். "எல்லாரும் கவனிங்க. இங்கதான் தொண்ணூறு சதவீதம் ஆளுங்க கோட்டை விடுவாங்க. ஆறு வருஷம்ங்கறது கால அளவு. ஆக, சின்ஸ் வராது. ஃபார்." எழுதினார். 'மை டாட்டர்-இன்-லா ஹேஸ் வெயிட்டட் ஃபார் ஹெர் ஃபாதர்ஸ் கால் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.' சிவப்பு மார்க்கரை எடுத்து, கடைசி ஃபாருக்குக் கீழே அழுத்தமாக இரண்டு கோடு போட்டார்.

"அடுத்தது, யெட் வெச்சு ஒண்ணு சொல்லுங்க. இன்னும் நடக்காத விஷயம்."

"அவரு இன்னும் பண்ணல சார்."

"எக்ஸலன்ட்." 'ஹீ ஹேஸ் நாட் கால்டு யெட்.' யெட்டைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம். "ஆல்ரெடி? ஏற்கெனவே முடிஞ்ச விஷயம்?"

"மஸ்கட்டு போறதுக்கு மூட்ட முடிச்செல்லாம் கட்டியாச்சு. எம் புள்ளைக்கு அங்க வேல. பொஞ்சாதி புள்ளையோட போறான். வியாயக்கெயம காலைல பிளேனு."

'தே ஹேவ் ஆல்ரெடி பேக்டு.' இன்னொரு வட்டம். பேராசிரியருக்கு உற்சாகம் பொங்கியது. இத்தனை வருஷத்தில் ஒரே ஆள் மூன்று காலச் சொல்லுக்கும் இவ்வளவு கச்சிதமான வாக்கியங்களைக் கொடுத்ததில்லை. "பாத்தீங்களா அழகேசன்? ஏபிசிடி தெரியாதவங்க. ஆனா டென்ஸ் உள்ளுக்குள்ள இருக்கு! எல்லாரும் மூணு தடவை சொல்லுங்க!"

எல்லோரும் சொன்னார்கள். அவர் இன்னும் போன் செய்யவில்லை என்று டயர் கடை அதிர மூன்று தடவை சொன்னார்கள். வேம்புலியம்மாள் சொல்லவில்லை. பேராசிரியர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்ப்பதுபோல.

"மருமவ பேரு வேணாமா சார்? எய்தறதுக்கு?"

"பேரு முக்கியமில்லம்மா. டென்ஸ்தான் முக்கியம்."

"அவ்ளோதானா சார்?"

"அவ்வளவுதான். பெர்ஃபெக்ட்."

அவள் மெதுவாக உட்கார்ந்தாள். மணி எட்டானதும் வழக்கம்போல எல்லோரும் ஒதுங்கி நிற்க, கார்த்திகா பலகையைப் படம் எடுத்து குரூப்பில் போட்டாள். ஆட்கள் படியிறங்கினார்கள். பேராசிரியர் மின்விசிறியை நிறுத்திக்கொண்டிருந்தபோது கார்த்திகா போனைப் பார்த்து, "சார், ஒருத்தங்க குரூப்ல இருந்து லெஃப்ட் ஆயிட்டாங்க," என்றாள்.

"யாரு?"

"பேரு இல்ல. செம்பருத்திப் பூ டிபி வெச்சிருக்குமே, அந்த நம்பர். நாலு வருஷமா இருக்காங்க. தினம் போட்டோ போட்ட உடனே முதல்ல பாக்கறது அவங்கதான்."

"போனா போகட்டும். சின்சியாரிட்டி இல்லாத கூட்டம்," என்ற பேராசிரியருக்கு, மாணவர் எண்ணிக்கை எண்பத்து இரண்டாகிவிட்டதில்தான் வருத்தம். கார்த்திகா போய்விட்டாள்.

கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால், பாதிப் படியில் வேம்புலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். காதில் போன்.

"இல்லம்மா நிவி... நான் சொல்றத கேளு... ஐயோ, அவருக்குத் தெர்யலடா கண்ணு, சத்தியமா தெர்யல... கோடு போட்டாருன்னா, அது அவரு எப்பவும் போடறதுதான... நிவி? நிவேதிதா?" போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். மறுமுனையில் அவள் வைத்துவிட்டிருந்தாள்.

 சம்பந்தத்தின் கையிலிருந்து சாவிக்கொத்து விழுந்து, ஒவ்வொரு படியாகத் தாவி, டயர் கடை வாசலில் போய் நின்றது.

"நீங்க..."

"பாஸ்கரோட அம்மா." அவள் எழுந்திருக்கவில்லை. "அவளுக்குத் தெர்யாம வந்தேன் சார். நேரா வந்து சம்மந்தின்னு சொன்னா, படியேற உடுவீங்களோ மாட்டீங்களோ. அவ தெனம் உங்க போர்டப் படிப்பா. உங்க கையாலயே எய்த வெச்சுட்டா, அவளும் பாப்பா, எய்தறப்ப உங்களுக்கும் உறைக்கும்னு நெனச்சேன். ஆறு வருசம்னு சொன்னப்ப நீங்க நின்னீங்க பாருங்க, அப்ப புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன் சார். கோடு போடத்தான் நின்னீங்க."

"அவ... படிப்பாளா?"

"மொதமொதல்ல சிரிச்சா. 'அத்தே, நான் லண்டன்ல இருக்கேனாம்'னு. பாஸ்கர்கூட கிண்டல் பண்ணுவான், லண்டன்காரிக்கு ரேசன் அரிசி எறங்குமான்னு. அப்பறம் அப்பறம் சிரிக்கிறத உட்டுட்டா. ஒருநாள் சொன்னா. 'அந்தப் பொண்ணுக்கு எங்கப்பா தெனம் போன்ல பேசுறாரு அத்தே. எனக்குத்தான் பண்ணல'ன்னு." வேம்புலியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "கொயந்தைக்கு அப்ப மூணு மாசம் சார். தூக்கிகினு இதே படி வரிக்கும் வந்தா. உள்ள நீங்க, பொண்ணு போன் பண்ணுச்சு, வாழ்த்து சொன்னுச்சுன்னு பாடம் நடத்திகினு இருந்தீங்களாம். எல்லாம் கை தட்டுனாங்களாம். அப்படியே திரும்பி வந்துட்டா. உள்ள ஒரு பொண்ணு இருக்குறப்ப நான் எப்படிப் போறதுன்னு கேட்டா. நான் இன்னா சொல்லட்டும்?"

கீழே டயர் கடைக்காரர் ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். "சார், சாவி உங்களுதா?" என்று குரல் கொடுத்தார். 

புதன்கிழமை காலை, வேம்புலியம்மாள் சொன்ன விலாசத்தை வைத்துக்கொண்டு, ஒரு ஷேர் ஆட்டோவும் இரண்டு பஸ்ஸும் மாறி, ஒன்றேகால் மணி நேரத்தில் காட்டுப்பாக்கம் வந்துவிட்டார். லண்டனுக்குப் போக வேண்டிய ஆயத்தமெல்லாம் செய்துகொண்டிருந்தார்: வெளுத்த சட்டை, பவுடர், ஒரு டப்பா மைசூர்பாகு. பஸ்ஸில் வரும்போது சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் தயார்செய்தார். பிறகு அதைத் தமிழில் மாற்றிப் பார்த்தார். தமிழில் அவருக்கு மன்னிப்புக் கேட்கப் பழக்கமில்லை. ஆங்கிலத்திலும் கடிதத்தின் கடைசி வரியில் மட்டும்தான் கேட்டிருக்கிறார்.

வீடு முதல் மாடியில். கதவைத் திறந்தது பாஸ்கரன். லேசாக நரை. கூடத்தில் நாற்காலி ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டிருந்தன.

"வாங்க சார்," என்று அந்த ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். எதிரே நின்றுகொண்டான். கை தானாகக் கட்டிக்கொண்டது. "சார், ஐ ஹேவ் நோன் நிவேதிதா ஃபார் நைன் இயர்ஸ்," என்றான்.

கிண்டலில்லை. முகத்தில் அது தெரிந்தது. அன்றைக்குத் தவறவிட்ட ஒரு பரீட்சையை எழுதி முடித்தவன்போல நின்றான். "அன்னிக்கு தப்பா சொல்லிட்டேன் சார். அப்பறம் கத்துக்கினேன்."

சம்பந்தத்தின் உதடு 'கரெக்ட்' என்று சொல்லப் பிரிந்தது. இருபது வருஷப் பழக்கம். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உள்ளேயிருந்து ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று எட்டிப் பார்த்தது. "யாரு ஆயா?" என்று வேம்புலியம்மாளைக் கேட்டது.

வேம்புலியம்மாள் சம்பந்தத்தைப் பார்த்தாள். அவராகச் சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. "இங்கிலீசு சாரு கண்ணு," என்றாள்.

"எனக்கும் இங்கிலீஷ் தெரியுமே," என்று குழந்தை ஒரு நோட்டை எடுத்துவந்து அவர் மடியில் விரித்தது. கனிமொழி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நடுவிலிருந்த 'இசட்' எழுத்தின் வால் தூண்டில் முள்போல வளைந்து அடுத்த வரி வரை இறங்கியிருந்தது. அப்படி எழுதுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான் என்று ஸ்டோர்ஸில் அவரைக் கேலி செய்வார்கள்.

"யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

"அம்மா. போன்ல போர்டு வரும். அதைப் பாத்து எழுதணும்."

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. சம்பந்தம் எழுந்து போய் அதன் முன்னால் நின்றார். தயார்செய்த எதுவும் இரண்டு மொழியிலும் நினைவில்லை.

"நிவி," என்றார்.

உள்ளே ஏதோ டேப் ஒட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"நிவிம்மா. அப்பா வந்திருக்கேன்."

கதவுக்கு வெகு அருகிலிருந்து அவள் குரல் வந்தது. அழுதிருந்த குரல்தான். ஆனால் நிதானமாக இருந்தது. "உங்க பொண்ணு லண்டன்ல இருக்கா சார். புது வீடு வாங்கியிருக்கா. அவளுக்குப் போன் பண்ணுங்க."

"நிவி, நேத்து எனக்கு யாருன்னு தெரியாதும்மா..."

"தெரியாம இருந்ததுதான் சார் எனக்குக் கஷ்டமா இருக்கு. யாரோ ஒரு பொண்ணு, ஆறு வருஷமா அப்பாவுக்காகக் காத்திருக்கான்னு ஒருத்தங்க வந்து சொல்றாங்க. யாரோவாவே இருக்கட்டும். ஐயோ பாவம்னு ஒரு வார்த்தை வரலையே உங்களுக்கு. அடியில ரெண்டு கோடு போட்டீங்க."

 டேப் ஒட்டும் சத்தம் திரும்பவும் கேட்டது.

அவர் அங்கேயே நின்றார். பாஸ்கரன் இரண்டு தடவை கதவைத் தட்டி, "நிவி, ஒரு நிமிசம் வாம்மா," என்று கெஞ்சிப் பார்த்தான். பதினோரு மணிக்குப் பெட்டிகளை எடுத்துப்போக வண்டி வந்தது. சுமக்க வந்தவர்கள், "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க," என்றார்கள். ஒதுங்கினார். பிறகு நாற்காலியையும் கேட்டார்கள்.

வேம்புலியம்மாள் பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். மைசூர்பாகு டப்பாவை அவளிடம் கொடுத்தார். "கொயந்தகிட்ட இன்னான்னு சொல்லிக் குடுக்கட்டும்?" என்று கேட்டாள்.

"இங்கிலீஷ் சார் குடுத்தாருன்னு சொல்லுங்க."

அன்று சாயங்காலம் வகுப்பை ரத்து செய்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஆறரைக்கெல்லாம் வந்து, மின்விசிறியைப் போட்டு, மார்க்கரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பலகையில் நேற்றைய வாக்கியங்கள் அப்படியே இருந்தன. மேல் வரிசையிலிருந்த லண்டன் வீட்டை முதலில் அழித்தார். ஒருநாள் காய்ந்த மார்க்கர் சுலபத்தில் போகவில்லை. விரலை நனைத்துத் தேய்த்தார்.

அந்த இடத்தில் எழுதினார். 'ஐ ஹேவ் எ டாட்டர் இன் காட்டுப்பாக்கம். ஐ ஹேவ் நாட் சீன் ஹெர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.' எனக்குக் காட்டுப்பாக்கத்தில் ஒரு மகள் இருக்கிறாள். ஆறு வருஷமாக நான் அவளைப் பார்க்கவில்லை.

அழகேசன் வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "சார்... லண்டன்ல..." என்று இழுத்தவரை, கார்த்திகா முழங்கையால் இடித்தாள்.

சிவப்பு மார்க்கரை அவர் தொடவில்லை. மூன்று தடவை சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். ஒன்பது பேரும் பாடம் தொடங்கும் என்று கொஞ்ச நேரம் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக, செருப்புச் சத்தம் கேட்காமல் எழுந்து போனார்கள். அழகேசன் மட்டும் வாசலில் நின்று, "வரேன் சார்," என்றார். ரிட்டையர்மென்ட் பேச்சைத் திருத்தி வாங்க எழுதிக்கொண்டு வந்திருந்த காகிதம், அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

கார்த்திகா போகாமல் நின்றாள். "போட்டோ எடுக்கட்டுமா சார்?"

தலையாட்டினார். எடுத்தாள். குரூப்பில் போட்டாள்.

"எல்லாரும் பாக்கறாங்களாம்மா?"

"பாக்கறாங்க சார். பன்னெண்டு பேர் பாத்துட்டாங்க. பதினாலு." அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் பாப்பாங்க சார். நேரம் ஆகும்."

"செம்பருத்திப் பூ?"

கார்த்திகா போனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அவங்கதான் சார் குரூப்லயே இல்லையே," என்றாள்.

"ஆமாம்," என்றார் சம்பந்தம். "எத்தனை பேருன்னு சொன்ன?"

"பதினேழு சார்."